பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு வலி: மலையில் யாரிடம் காட்டுவது?

கேள்வி, 9 ஜூன் 2024

கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலிருந்து எழுதுகிறேன். சிசேரியன் ஆகி 47 நாள். பால் கொடுத்துவிட்டு எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நாலு எட்டு கூனிக்கொண்டே நடந்த பிறகுதான் நிமிர முடிகிறது. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாரும் ஒரே பாட்டு: "ஆபரேஷனுக்கு மரத்துப்போக முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அது ஆயுசுக்கும் இருக்கும்." நிஜமாகவே ஆயுசுக்கும் இருக்குமா? மலையில் இதற்கு யாரிடம் காட்டுவது? வத்தலக்குண்டு, மதுரை என்று இறங்கினால் பஸ்ஸில் போய் வருவதே இன்னொரு பிரசவம்.

பதில், 9 ஜூன், இரவு 11.20

எனக்கும் இதே கதைதான். 2022 பிப்ரவரியில் மகள் பிறந்தாள், சிசேரியன். ஊசி போட்ட இடத்தில்தான் வலி ஆரம்பித்தது, ஒன்றரை வருடம் இருந்தது. இப்போது இல்லை. அதாவது தினமும் இல்லை. ஆயுசுக்கும் என்பது பொய். பெல்ட் வாங்கிப் போடுங்கள், எனக்கு அதுதான் கேட்டது.

குழந்தை எழுந்துவிட்டாள். மீதி நாளைக்கு.

10 ஜூன், காலை

நேற்று எழுதியதில் ஒரு வரியைத் திருப்பிப் படித்தேன். "ஊசி போட்ட இடத்தில்தான் வலி ஆரம்பித்தது." அப்படியா ஆரம்பித்தது? ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாயிலும் அதுவே வருகிறது.

போனில் பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடிக் கேட்டேன். அம்மாவிடம் "இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்கும்மா" என்று முதன்முதலில் புலம்பியது ஜூலை மாதம். பிள்ளை பிறந்தது பிப்ரவரி. அம்மா வீடு கீழே, வத்தலக்குண்டுப் பக்கம். ஐந்து மாதம் அங்கே இருந்தேன். ஊசி போட்ட இடம் ஒரு வாரம் தொட்டால் வலித்தது, அப்புறம் மறந்தே போனேன். மலை ஏறி, பெருமாள்மலை வந்து மூன்று வாரத்தில்தான் வலி தொடங்கியிருக்கிறது. ஊசி என்ன, ஐந்து மாதம் காத்திருந்து, மலை அடிவாரத்தில் காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டிய பிறகா வேலையைக் காட்டும்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் மதினிக்கு இரண்டும் சுகப்பிரசவம், முதுகில் ஊசியே போட்டதில்லை. அவளுக்கு என்னைவிட மோசமான வலி. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

10 ஜூன், மதியம்

ஒரு அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார், அவர் மனைவிக்கு ஊசியால்தான் வந்தது என்று. அண்ணே, போட்ட இடத்தில் சில நாள் நோவு இருப்பது உண்மைதான். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும் என்று ஒரு தலைவலியும் சிலருக்கு வரும். அது ஊசியால் வருவதுதான், அதற்கு ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் நீளும் இடுப்பு வலி ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது, போடாதவர்களுக்கும் வருகிறது. ஆராய்ந்து பார்த்தவர்கள் நீண்ட கால முதுகு வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இல்லை என்றுதான் சொல்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என்னிடம் சொன்னவர் யார் என்று அப்புறம் எழுதுகிறேன், அது பெரிய கதை.

12 ஜூன்

பெரிய கதை.

என் மாமனாருக்கு பக்கவாதம் வந்து வலது கை சரியாக வராமல் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசுத் திட்டம் ஒன்று 2021 ஆகஸ்டில் தொடங்கினார்கள் இல்லையா? சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். அதில் பிசியோதெரபியும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர், பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்டே வந்து பயிற்சி கொடுப்பார். அப்படி மாமனாருக்காக ஒரு அம்மா வந்தார்.

எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 58 படி. அந்த அம்மா மூச்சு வாங்க ஏறி வந்து, மாமனார் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் வெந்நீர் வாளியைத் தூக்கினேன். "அக்கா, கீழ வைங்க" என்றார். வைத்தேன். "இப்ப நிமிருங்க." நிமிர முடியவில்லை, சுவரைப் பிடித்தேன். "எத்தனை மாசம்?" எட்டு மாதம் என்றேன்.

முதுகைத் திருப்பிக் காட்டப் போனேன். "முதுகு வேண்டாம், வயித்தைக் காட்டுங்க" என்றார்.

அதுவரை நான் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ எழுதினார்கள். 7,000 ரூபாய். முதுகெலும்பின் அடியில் எல்-5, எஸ்-1 என்கிற இடத்தில் டிஸ்க் லேசாகப் புடைத்திருக்கிறது என்று வந்தது, அதைப் பார்த்து நான் இரண்டு நாள் அழுதேன். வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு அப்படித்தான் வரும் என்பது யாரும் சொல்லவில்லை. ஒரு எலும்பு டாக்டர், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், எண்ணெய் போட்டு நீவும் ஒரு தாத்தா. இத்தனை பேரில் ஒருவரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் நடுக்கோட்டில் விரலை வைத்தார். மூன்று விரல் உள்ளே இறங்கியது. என் கையையே எடுத்து வைத்துக் காட்டினார். சீ என்று ஆகிவிட்டது, மாவுக்குள் விரல் போன மாதிரி.

வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டையாகத் தசை இருக்கிறது. பிள்ளை வளர வளர நடுவில் விலகிக்கொடுக்கும். பெற்ற பிறகு மெல்ல மெல்லத் தானாகச் சேரும், சிலருக்குச் சேராமல் நிற்கும். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் கவனிக்க வேண்டும் என்றார். முன்பக்கம் தொய்ந்து கிடக்க, நிமிர்த்திப் பிடிக்கிற மொத்த வேலையும் முதுகு ஒன்றின் தலையில். அதோடு, கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகள் நெகிழ்வதற்காக உடம்பே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த நெகிழ்ச்சி பிள்ளை பிறந்த அன்றே போய்விடாது, பழைய இறுக்கம் வர மாதங்கள் ஆகும். அந்தப் பச்சை உடம்போடு நான் 58 படி ஏறி வாளி தூக்கினேன்.

12 ஜூன், மறுபடியும்

எல்லாருக்கும் வயிற்றுத் தசைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. என் மதினிக்கு வயிறு ஒட்டியே இருக்கும். அவளுக்கு வலி பின்பக்கம், இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேருகிற பள்ளத்தில், ஒரு பக்கம் மட்டும். படி ஏறும்போதும் படுக்கையில் புரளும்போதும் குத்தும். அது வேறு, அதற்குப் பயிற்சியும் வேறு. அதனால்தான் யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

15 ஜூன்

பெல்ட் விஷயம். முதல் நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் "அதுதான் கேட்டது" என்று எழுதிவிட்டேன், அதை வாபஸ் வாங்குகிறேன். பெல்ட் போட்டால் நடக்கும்போது தாங்கலாக இருக்கும், நிஜம். அம்மாச்சி காலத்தில் பழைய நூல் சேலையை மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டியதும் இதற்குத்தான். ஆனால் நான் காலையில் கட்டினால் ராத்திரிதான் அவிழ்ப்பேன். மூன்று மாதம் கழித்து அவிழ்த்தால் பெல்ட் இல்லாமல் நிற்கவே பயம். தசை வேலை செய்யாமல் பெல்ட்டே செய்துகொண்டிருந்தால் தசை எப்படித் தேறும்? வெளியே போகும்போது, வேலை செய்யும்போது கட்டுங்கள், படுக்கும்போது வேண்டாம். சிசேரியன் தையல்மேல் அழுத்துகிறதா என்று பாருங்கள். இறுக்கினால் தொப்பை கரையும் என்று நானும் நம்பினேன். கரையவில்லை. போட்டோ வேண்டுமா?

16 ஜூன்

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. எனக்கு ஏன் மேலே வந்த பிறகு வலி வந்தது என்று இரண்டு நாளாக யோசித்தேன். படி, வாளி எல்லாம் சரி. ஆனால் அம்மா வீட்டில் நான் வாளி தூக்கவில்லையா என்ன, தூக்கினேன்தான்.

சுவர்! கீழே சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுப்பேன். இங்கே சுவர் ஐஸ், ஜூலை ஆகஸ்டில் வேர்த்து ஈரம் கசியும். சாய்ந்தால் முதுகு விறைக்கும், பச்சை உடம்புக்குக் குளிர் ஏறும் என்று மாமியாரும் சாயவிட மாட்டார். கட்டில் நடுவில் சம்மணம் போட்டு, போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டு, குழந்தைமேல் கவிழ்ந்து, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைக்கு அரை மணி. அப்படியானால் ஐந்தாறு மணி நேரம் கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்படி உட்கார்ந்ததைப் பிசியோ அம்மாவிடம் அப்போதே சொன்னபோது சிரித்துவிட்டு, பிள்ளையிடம் நாம் குனியக் கூடாது, பிள்ளையை நம்மிடம் உயர்த்த வேண்டும் என்றார். மடியில் இரண்டு தலையணை, காலுக்கு அடியில் ஒரு மணை, முதுகுக்குப் பின்னால் மடித்த கம்பளி. ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம், ஆனால் அப்படியே தூங்கிப்போய்க் குழந்தையை மூடிவிடக் கூடாது.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 என்று சொல்வார்களே, அதில் ஒரு தவணை வந்தபோது கை வைத்த மர நாற்காலி ஒன்று வாங்கினேன். வீட்டில் ஒரே கேலி: "பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்குவான்னு பார்த்தா ஜமீன்தார் நாற்காலி வாங்கிருக்கா." நான் செலவு செய்த அத்தனை வைத்தியத்திலும் உருப்படியானது அந்த நாற்காலிதான். எம்ஆர்ஐ காசுக்கு நாலு நாற்காலி வாங்கியிருக்கலாம்.

18 ஜூன்

மருந்து பற்றிக் கேட்டவர்களுக்கு. பாரசிட்டமால், ஐப்யூப்ரோஃபென் இரண்டும் பொதுவாகப் பால் கொடுக்கும் தாய்மார் சாப்பிடக்கூடியவையே. அல்சர், கிட்னி தொந்தரவு இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். கடையில் "முதுகு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள், மூன்று மருந்து கலந்த மாத்திரையை நீட்டுவார்கள். எனக்கு ஒரு கடைக்காரர் வெறும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிட்டு, "ஒரு நாள் பால் குடுக்காதீங்க" என்று வேறு சொன்னார். ஒரு நாள் முழுக்கப் பிழிந்து ஊற்றினேன். தேவையே இல்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தைலம். இங்கே கொடைக்கானலில் கடைக்குக் கடை யூகலிப்டஸ் தைலம் கிடைக்கும். தேய்த்தால் சூடு பரவும், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை. தைலமும் கற்பூரமும் பிஞ்சுகளுக்கு ஆகாது. மூக்கருகில் கொண்டுபோனாலே மூச்சுத் திணறலாம், வயிற்றுக்குள் போனால் விஷம். சளிக்கு என்று பிள்ளை மூக்கில் தடவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். நான் தேய்த்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றித்தான் பிள்ளையைத் தொடுவேன். கடைசியில் தைலத்தை விட்டுவிட்டு வெந்நீர்ப் பைக்கு மாறினேன். அதிலும் ஒன்று: சிசேரியன் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்தே இருக்கும், சுட்டாலும் தெரியாது. பை முதுகோடு இருக்கட்டும்.

23 ஜூன்

பத்தியம் பற்றி அடிதடியே நடக்கிறது இங்கே. நான் இரண்டு பக்கமும் உதை வாங்கப் போகிறேன்.

உளுந்தங்களி சாப்பிடுங்கள். "இடுப்புக்குப் பலம்" என்பதில் களி நேராக இடுப்பெலும்பைத் தேடிப் போய் உட்காராது, ஆனால் உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்ந்தது பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு. குளிப்பாட்டும்போது இடுப்பில் வெந்நீரை ஓங்கி ஊற்றுவார்களே, தையல் ஆறிய பிறகு அது சொர்க்கம். தண்ணீரை மட்டும் விடாதீர்கள். "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கி, அந்த வலியும் இடுப்பில்தான் இறங்கியது. பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கிறபடி தண்ணீர் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தரும் கால்சியம் மாத்திரையைப் பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும். நான் டப்பாவை ஜன்னலில் வைத்து அழகு பார்த்தேன். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம், ஒன்று மற்றதை உடம்பில் ஏறவிடாது. ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துப் போடுங்கள்.

மன்னவனூர்த் தங்கச்சி, உங்கள் வீட்டில் பூண்டு போட்டிருக்கிறீர்களா? எங்கள் அம்மா வீட்டில் பிரசவத்துக்கு என்றே உங்கள் பக்கத்து மலைப்பூண்டை வாங்கிக் கட்டித் தொங்கவிடுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு என் அம்மா ஏதோ தன் மகளுக்கே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். பாலில் வேகவைத்துத் தின்று தின்று என் வியர்வையே பூண்டு வாசம்.

23 ஜூன், இரவு

மன்னவனூர்த் தங்கச்சி பதில் போட்டிருக்கிறார். பூண்டு போட்டிருக்கிறார்களாம். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று தாளறுக்கிற வேலையை இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். தரையில் குந்தி, குனிந்து, இரண்டு மணி நேரம். அடக் கடவுளே. அது ரெஸ்ட் இல்லை, தங்கச்சி! முறத்தை மேஜைமேல் வைத்துச் செய்யுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

30 ஜூன்

எது வந்தால் தாமதிக்கக் கூடாது என்று பிசியோ அம்மா எழுதித் தந்த துண்டுச் சீட்டு இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: காய்ச்சலோடு முதுகு வலி. ஒன்றுக்கு வருவது தெரியாமல் போவது, அல்லது முட்டியும் போகாமல் இருப்பது. தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போவது. கால் வலுவிழந்து இடறுவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது. இதில் ஒன்று வந்தாலும் பயிற்சி, களி, தைலம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு 108. சந்தேகம் மட்டும் என்றால் சுகாதார உதவி எண் 104க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

7 ஜூலை

என்ன பயிற்சி என்று ஆறு பேர் கேட்டாகிவிட்டது. நான் செய்ததைச் சொல்கிறேன். சிசேரியன் ஆனவர்கள் ஆறாவது வாரம் டாக்டரிடம் காட்டி, செய்யலாமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதுவரை மெல்ல நடையும் மூச்சும் போதும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே அடிமுதுகைத் தரையில் அழுத்துவது, தொப்புளை உள்ளே இழுப்பது. ஒன்றுக்கு அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. இதைப் பால் கொடுக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்து, படுத்தபடி இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. அப்புறம் மாடு மாதிரி நாலு காலில் நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. நான் இதைச் செய்தபோது மகள் அடியில் புகுந்து கன்றுக்குட்டி விளையாட்டு விளையாடினாள்.

படுத்தபடி விருட்டென்று எழுந்து உட்காரும் பயிற்சி மட்டும் வேண்டாம், பிளவு உள்ள வயிற்றில் அது நடுவில் கூடாரம் மாதிரி புடைக்கும். படுக்கையிலிருந்து எழும்போதும் ஒருக்களித்து, கையை ஊன்றித்தான்.

ஒழுங்காகத் தினமும் செய்தேன் என்று சொல்ல ஆசை. வாரம் நாலு நாள் செய்தேன். மூன்றாவது மாதம்தான் வித்தியாசம் தெரிந்தது. நடுவில் ஒரு மாதம் அப்படியே விட்டேன், திரும்பி வந்தது. மறுபடி தொடங்கினேன்.

21 ஜூலை

பிசியோ மன்னவனூருக்கு வருவாரா என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. எனக்கு எப்படித் தெரியும்? எனக்கே அது ஓசியில் கிடைத்தது, மாமனார் பெயரில் வந்தவர். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பிடியுங்கள், தடுப்பூசிக்கு எப்படியும் பார்ப்பீர்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் கால்சியம் கொடுத்து அனுப்புவார். "பிசியோதெரபிஸ்ட் என்னைக்கு எங்க வர்றாங்க, நான் அங்க வந்து காட்டுறேன்" என்று கேளுங்கள். வீட்டுக்கு வராவிட்டாலும் பூம்பாறை வரை வந்தால் நீங்கள் போய்விடலாமே. பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் வேண்டாம், வளைவுக்கு வளைவு தூக்கித் தூக்கிப் போடும்.

மதுரையிலிருந்து ஒரு தோழி, தன் பிசியோவையே கூட்டிக்கொண்டு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். மே 7இலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமே. காரணம் என்ன போடுவது, சுற்றுலாவா இடுப்பு வலியா?

18 ஆகஸ்ட்

மாமியார்களைப் பற்றி இங்கே ஓடும் வசவுகளைப் பார்த்துவிட்டு ஒன்று. என் மாமியார் என்னைச் சுவரில் சாயவிடாதது கொடுமைக்கு இல்லை. அவர் நாலு பெற்று, மூன்றாம் நாளே சுள்ளி பொறுக்கப் போனவர். போன வாரம் பேச்சுவாக்கில், "உங்களுக்கு வலிச்சதா அத்தை?" என்று கேட்டேன். "வலிக்காம? இப்பவும்தான் வலிக்குது" என்றார். 41 வருடம். ஒருவரிடமும் சொல்லவில்லையாம். யாராவது கேட்டால்தானே சொல்ல?

இப்போது அவரும் என்னோடு தரையில் படுத்து முதுகை அழுத்துகிறார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து எண்ணிக்கை போடுகிறார், வலது கை விரலால்.

29 செப்டம்பர்

மன்னவனூரிலிருந்து செய்தி. செவிலியரைப் பிடித்து, பிசியோவை ஒரு தடவை பார்த்துவிட்டாராம். வயிற்று இடைவெளி இரண்டரை விரல். காரணம் ஊசி இல்லை என்று அந்தப் பிசியோவும் சொன்னாராம், மாமியார் எதிரிலேயே. மாமியார், "அப்ப பெல்ட்ட கழட்டு, பூண்டு நான் பாத்துக்கறேன்" என்றாராம். முழுக்க நிமிர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார். 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும், அதற்குள் நிமிர்ந்துவிடலாம்.

நாற்காலி கேட்டீர்களே. என் மகளுக்கு இரண்டரை வயசு ஆகிறது, அதில் இப்போது பொம்மைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கொடைக்கானலில் மூஞ்சிக்கல் போகிறார், மன்னவனூர் பஸ்ஸில் மேலே கட்டி ஏற்றிவிடச் சொல்கிறேன். இறக்குவதற்கு அண்ணனை நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கக் கூடாது.